தம் கட்டிச் செத்தவன் சாவு இயற்கைச் சாவா?

கழுத்து நரம்பு புடைக்க மூட்டை சுமக்கிறவனைப் பற்றிக் கவிதை எழுதாத முற்போக்குக் கவிஞர் தமிழில் யாராவது உண்டா? கறுத்த உடம்பு, வழிகிற வியர்வை, முறுக்கேறிய தோள், புடைத்த நரம்பு. இந்த நாலு சொல்லையும் குலுக்கிக் குலுக்கிப் போட்டே தொகுப்பு தொகுப்பாகக் கொண்டுவந்துவிட்டார்கள். மே மாதம் பிறந்தால் சிறப்பிதழ் அட்டையிலும் அதே கழுத்து, அதே நரம்பு. நானும் கவிதை எழுதுகிறவன் என்பதால் சக கவிஞர்களிடம் ஒரே ஒரு கேள்வி. அந்த நரம்பு ஏன்யா புடைக்குது?

முதலில், அது நரம்பே இல்லை. பேச்சு வழக்கில் நரம்பு என்கிறோம். அது ரத்தக் குழாய். தலையிலிருந்து நெஞ்சுக்கு ரத்தம் திரும்பி வருகிற சிரை. அது புடைத்து நிற்கிறது என்றால் தலைக்குப் போன ரத்தம் திரும்பி வர வழியில்லாமல் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். கவிஞர் 'உழைப்பின் கம்பீரம்' என்று எழுதிய இடத்தில் ஒரு உடம்பு தத்தளிச்சிட்டு இருக்கு. கம்பீரம் பார்க்கிறவன் கண்ணில். தத்தளிப்பு சுமக்கிறவன் தலைக்குள்ளே.

விடுதலை பேசுகிற பத்திரிகையில் வைத்தியக் குறிப்பு எதற்கு என்று தோழர்கள் யாராவது முணுமுணுக்கலாம். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்திய அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர். நாடி பிடித்த கைதான் சாதியின் புரட்டையும் பிடித்துக் காட்டியது. நம்ம பத்திரிகை மரபில் உடம்பும் அரசியலும் வேற வேற பக்கமா இருந்ததே இல்லை. உடம்பு அழுக்கு, ஆன்மா புனிதம் என்று பிரித்து வைத்தவர்கள் வேறு ஆட்கள். நமக்கு உடம்புதான் முதல் பத்திரம். நம்மகிட்ட அடமானம் வைக்க வேற என்ன இருந்தது?

ஆகவே உடம்பைப் பற்றிப் பேசுவோம். தம் கட்டுவது பற்றிப் பேசுவோம்.

*

மூட்டையை முதுகில் ஏற்றும்போது ஒரு ஆள் என்ன செய்கிறான்? மூச்சை இழுத்து, தொண்டையை அடைத்து, வயிற்றை இறுக்கி, 'ம்ம்' என்று ஒரு முக்கு முக்குகிறான். தம் கட்டுறது என்கிறோம். பிள்ளை பெறும்போது முக்குவதும், மலம் இறங்காமல் முக்குவதும் இதே வேலைதான். மருத்துவப் புத்தகம் இதற்கு வல்சால்வா என்று பேர் வைத்திருக்கிறது. வல்சால்வா 1666இல் பிறந்த இத்தாலிய உடற்கூறு அறிஞர். காதைப் பற்றி 1704இல் ஒரு நூல் எழுதினார். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மூச்சை முக்கித் தள்ளினால் நடுக்காதில் கட்டியிருக்கிற சீழ் வெளியே வரும் என்று சொன்னார். அதனால் அந்த முக்கலுக்கு அவர் பேர். அவருக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னாலேயே நம்ம பாட்டன் பூட்டன் முக்கிக்கொண்டுதான் இருந்தான். பேர்தான் அவனுக்குக் கிடைக்கவில்லை.

தம் கட்டினால் உள்ளே நடப்பது இது. நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் பெரிய ரத்தக் குழாய்களையும் சேர்த்துப் பிடித்து அமுக்குவதால் முதல் நொடியில் ரத்த அழுத்தம் குபீரென்று ஏறும். தம் நீடித்தால், கை கால் தலையிலிருந்து ரத்தம் இதயத்துக்குத் திரும்பி வர முடியாது. வரவு இல்லாத பெட்டியிலிருந்து செலவு செய்ய முடியுமா? இதயம் வெளியே தள்ளுகிற ரத்தம் குறைகிறது. அழுத்தம் இறங்குகிறது, இதயம் பதறிப்போய் வேகமாக அடிக்கிறது. 'கண்ணை இருட்டிக்கிட்டு வருதுண்ணே' என்று சுமைக்காரர் சொல்வது இந்த நேரம். அப்புறம் மூச்சை விடுகிறான். அடைபட்டிருந்த ரத்தம் மொத்தமும் இதயத்துக்குள் பாய்கிறது. சுருங்கிக் கிடக்கிற குழாய்களுக்குள் இதயம் அதைத் தள்ளுகிறது. அழுத்தம் பழைய அளவைத் தாண்டி ஒரு எகிறு எகிறுகிறது. மூட்டையை இறக்கி வைத்து 'அப்பாடா' என்று சொல்கிற நொடியில்கூட மூளைக்குள் இருக்கிற மெல்லிய குழாய்களுக்கு அப்பாடா இல்லை.

இது தம் கட்டுகிறதால் மட்டும் வருகிற கணக்கு. பளு தூக்கும்போது இறுகுகிற தசைகள் தங்களுக்குள் ஓடுகிற குழாய்களையும் நசுக்குவதால் அழுத்தம் இன்னும் ஏறும். எவ்வளவு ஏறும்? கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து ஆட்கள் 1985இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நன்றாகப் பழகிய பளுப் பயிற்சிக்காரர்கள் 5 பேர். கைத் தமனிக்குள்ளேயே குழாயைச் செருகி, அவர்கள் முழுப் பலத்தோடு பளு தள்ளும்போது அழுத்தத்தை அளந்தார்கள். இரண்டு காலாலும் தள்ளும்போது சராசரி 320க்கு 250. ஒருத்தருக்கு 480க்கு 350ஐத் தாண்டியது. சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு 120க்கு 80 என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு இந்த எண்களை இன்னொரு தடவை படியுங்கள்.

அவர்கள் பால், முட்டை, கறி தின்று, ஓய்வெடுத்து, விரும்பித் தூக்கியவர்கள். சிறுவயசு. குழாய் திடமாக இருந்தது, தாங்கியது. நம்ம ஆள் அம்பது வயசில், நீச்சத்தண்ணி குடித்துவிட்டு, வெயிலில், ஒரு நாளைக்கு எத்தனை தடவை தம் கட்டுகிறான்? எவன் குழாய் செருகி அளந்தான்?

*

'உழைக்கிற உடம்புக்கு நோய் ஏது?' இது அடுத்த பொய். ஊர்க்காரனும் சொல்வான், நம்ம மேடைகளிலும் கைதட்டு வாங்கும். ஏசி அறையில் உட்காருகிறவனுக்குத்தான் பிரஷர், சேரிக்காரனுக்கு இரும்பு உடம்பு என்பார்கள். இது புகழ்ச்சி மாதிரி இருக்கிற வசை. மாட்டுக்கும் இதைத்தான் சொல்கிறார்கள்.

டென்மார்க்கில், கோபன்ஹேகனில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல வருசம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஓய்வு நேரத்தில் தானாக விரும்பி உடம்பை அசைக்கிறவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், சாவு எல்லாம் குறைகிறது. வேலையில் உடம்பை வருத்துகிறவர்களுக்கு அது ஏறுகிறது. ஒரே உடம்புதான், ஒரே அசைவுதான். ஆனால் காலையில் பூங்காவில் நடக்கிறவனுக்கு அது மருந்து, நாள் பூராவும் சுமக்கிறவனுக்கு அது தேய்மானம். எப்போது நிறுத்துவது, எப்போது உட்காருவது, எவ்வளவு தூக்குவது என்பதைத் தானே முடிவு செய்கிறவனுடைய உடற்பயிற்சியும், மேஸ்திரி முடிவு செய்கிறவனுடைய வேலையும் ஒன்றாகாது. 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் பாபாசாகேப் வேலையைப் பிரிப்பதற்கும் வேலை செய்கிற மனிதர்களைப் பிரிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டினார். அந்தப் பிரிவினை மனிதனுடைய ரத்தக் குழாய் வரைக்கும் போய்ப் படிகிறது என்று இப்போது அளந்தே காட்டலாம்.

நம்ம சனங்களுக்கு இந்த அறிவு இல்லாமல் இல்லை. கனத்த பொருளை நாலு பேர் சேர்ந்து இழுக்கும்போது 'ஐலசா' போடுகிறார்களே, அது எதற்கு? பாட்டு ரசனைக்கு மட்டுமா? வாய் திறந்து சத்தம் போடுகிறவன் தொண்டையை அடைக்க முடியாது. மூச்சு வெளியே போய்க்கொண்டே இருக்கும். பலம் கொடுக்கிற நொடியில் மூச்சை விடு என்று இன்றைக்கு உடற்பயிற்சிக் கூடத்தில் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருவதை ஒரு கூச்சலில் வைத்துப் பழகியிருக்கிறார்கள். இன்றைக்குக் கூலி மூட்டைக் கணக்கு. எத்தனை மூட்டையோ அத்தனை காசு. ஒத்தையா ஓடுகிறவனுக்கு ஐலசா போட நேரம் ஏது, கூட யார் இருக்கா?

*

இங்கே ஒன்றைப் பிசகில்லாமல் சொல்லியாக வேண்டும். தம் கட்டுகிற ஒவ்வொருத்தனுக்கும் பக்கவாதம் வராது. அப்படி எழுதினால் அது பீதி, பிரச்சாரம் இல்லை. பக்கவாதத்துக்குப் பெரிய காரணம் வருசக்கணக்காகக் கவனிக்காமல் விட்ட ரத்தக் கொதிப்பு. அது மூளைக்குள் ஆழத்தில் இருக்கிற சின்னக் குழாய்களை உள்ளிருந்தே அரித்துவிடும். அரித்த சுவரைக் கடைசியாகத் தள்ளிவிடுகிற கை எது என்பதுதான் இங்கே கேள்வி.

32 நாடுகளில் பக்கவாதம் வந்த 13,462 பேரிடம் கேட்டுத் தொகுத்த ஆய்வு ஒன்று 2021 டிசம்பரில் வெளிவந்தது. நோய் தாக்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன செய்தீர்கள், முந்தின நாள் அதே நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று ஒப்பிட்டார்கள். ஏறத்தாழ 20 பேரில் ஒருத்தர் அந்த ஒரு மணி நேரத்துக்குள் கடுமையாக உடம்பை வருத்தியிருந்தார். மூளைக்குள் ரத்தக் குழாய் வெடிக்கிற வகைக்கு இந்தக் கடும் உழைப்பு வாய்ப்பை ஒன்றரை மடங்குக்கு மேல் கூட்டியது. ரத்தக் கட்டி அடைக்கிற வகையில் அப்படித் தெரியவில்லை. நெதர்லாந்தில் 2011இல் வந்த ஆய்வு இன்னொன்று. மூளைத் தமனியில் குமிழ் மாதிரி உப்பியிருந்த இடம் வெடித்து வந்தவர்கள் 250 பேரைக் கேட்டார்கள். வெடிக்கத் தூண்டியவற்றின் பட்டியலில் கடும் உடல் உழைப்பு உண்டு, மூக்கைச் சிந்துவது உண்டு, மலம் கழிக்க முக்குவது உண்டு, திடுக்கிடுவதும் கோபமும் உண்டு.

அடைப்பு வகையிலும் முக்கலுக்கு ஒரு இடுக்கு வழி உண்டு. நாலு பேரில் ஒருத்தருக்கு இதயத்தின் மேல் அறைகளுக்கு நடுவில் பிறவியிலேயே ஒரு சின்னக் கதவு முழுசாக மூடாமல் இருக்கும். சாதாரணமாக ஒன்றும் செய்யாது. முக்கும்போது வலது பக்க அழுத்தம் ஏறி அந்தக் கதவு திறக்கலாம். காலில் கட்டிய ரத்தக் கட்டி ஏதாவது அந்த நேரம் பார்த்து வந்தால் நுரையீரலுக்குப் போகாமல் நேரே மூளைக்குப் போகும். எப்போதாவதுதான் நடக்கும். நடந்தால் வீட்டில் சொல்கிற பேர் 'முனி அடிச்சிடுச்சு'.

2021 ஆய்வில் இன்னொரு சேதி இருக்கிறது. பதினோரு பேரில் ஒருத்தர், தாக்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் கடும் கோபத்திலோ மன உளைச்சலிலோ இருந்தார். அது பக்கவாதத்தின் வாய்ப்பைச் சுமார் 30 சதவீதம் கூட்டியது. மண்டியில் மூட்டை சரிந்துவிட்டால் என்ன வார்த்தை விழும் என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. மகன் வயசுப் பையன் சாதிப் பேர் சொல்லித் திட்டுவான். திருப்பிச் சொன்னால் நாளைக்கு வேலை இல்லை. அந்த வார்த்தையை முழுங்கிக்கொண்டு அடுத்த மூட்டைக்குத் தம் கட்டுகிறவன் இரண்டு பளுவைச் சேர்த்துத் தூக்குகிறான். ஒன்று தராசில் ஏறும், இன்னொன்று ஏறாது.

*

இனி மருத்துவர் தரும் அறிவுரைக்கு வருவோம். 'கனம் தூக்காதீங்க. மலச்சிக்கல் வராம பாத்துக்குங்க. நிறையத் தண்ணி குடிங்க. காய்கறி, பழம், கீரை சாப்பிடுங்க. உப்பைக் குறைங்க. கோபப்படாதீங்க.' ஒரு வரி தப்பில்லை. ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது?

கனம் தூக்காதே. சரி, சிமெண்டு மூட்டை 50 கிலோ. நெல் மூட்டை 75 வரைக்கும் வரும். பழைய சணல் மூட்டை 100 கிலோ. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் ஒரு பரிந்துரை வைத்தது: வயசுவந்த ஆண் ஒருத்தர் தனியாகச் சுமக்கிற எடை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது, போனால் குறைக்க வழி பாருங்கள் என்று. இங்கே 1948ஆம் வருசத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆவது பிரிவும் காயம் உண்டாக்கக்கூடிய பளுவை யாரையும் தூக்க வைக்காதே என்றது. தொழிற்சாலைச் சட்டம் தொழிற்சாலைக்கு. மண்டிக்கும் களத்துமேட்டுக்கும் லாரிப் பேட்டைக்கும் யார் சட்டம்?

தண்ணி குடி. வேங்கைவயலில் நம்ம சனங்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது 2022 டிசம்பரில் தெரியவந்ததே, அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்று இந்த அறிவுரையைச் சொல்லிப் பாருங்கள். பொம்பளைகளைக் கேளுங்கள், இன்னும் விளங்கும். நாத்து நடப் போகிறவளுக்கு, சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கு, ஒதுங்க இடமில்லை. அதனால் காலையிலிருந்தே தண்ணி குடிக்காமல் இருந்துவிடுவாள். சோற்றையும் குறைப்பாள். வருகிறதை அடக்குவாள். இருட்டும்வரை அடக்குவாள். அடக்க அடக்க மலம் இறுகும். இறுகியதை வெளியேற்ற முக்க வேண்டும். முக்குகிற இடமும் முள்ளுக்காடு. எவன் டார்ச்சு அடிப்பானோ, எவன் வண்டி வெளிச்சம் விழுமோ என்று அவசர அவசரமாக முக்க வேண்டும். நாடு முழுக்கத் திறந்தவெளியில் யாரும் போவதில்லை என்று 2019 அக்டோபர் 2இல் அறிவித்தார்கள். தண்ணிக் குழாய் இல்லாத கக்கூசில் விறகு அடுக்கி வைத்திருக்கிற தெருக்களுக்கு அந்த அறிவிப்பு இன்னும் போய்ச் சேரவில்லை.

அவளேதான் பிரசவத்துக்கும் போகிறாள். கர்ப்பத்தில் பிரஷர் ஏறிய பெண்ணுக்கு மூளையில் ரத்தம் கசிவது உயிருக்கு உலை வைக்கிற ஆபத்து. முக்குகிற உந்துதல் தானாக வரும், அவள் உடம்பு சொல்கிறபடி விடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வழிகாட்டுதல் எழுதியிருக்கிறது. அதற்கப்புறமும் 'முக்குடி, படுக்கும்போது மட்டும் தெரிஞ்சுதா' என்கிற வார்த்தையைக் கேட்காமல் பிள்ளை பெற்ற நம்ம பொம்பளை எத்தனை பேர்?

உப்பைக் குறை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது அதே நிறுவனம். கஞ்சிக்கு ஊறுகாய் உப்பு, கருவாடு உப்பு, சுட்ட மிளகாயோடு வைத்த கல் உப்பு. வேறு ருசி வாங்கக் காசில்லாதவனுக்கு உப்புதான் ருசி.

அப்புறம் சாராயம். 'குடிச்சுச் செத்தான்' என்பது நம்ம சாவுக்கென்றே அச்சடித்து வைத்திருக்கிற வாசகம். குடி ரத்த அழுத்தத்தை ஏற்றும், பீடி குழாயைக் கெடுக்கும். இதை மறைக்கிறவன் நம்ம ஆள் இல்லை. சேரியில் இதைப் பேசத்தான் வேண்டும். ஆனால் 2003இலிருந்து சில்லறைக் கடை வைத்து விற்கிறது அரசாங்கம். இடுப்பு வலிக்கும் தோள் வலிக்கும் மாத்திரை கிடைக்காத நேரத்திலும் அது கிடைக்கிறது. விற்றவனைக் கேட்காமல், 80 கிலோவை முதுகில் ஏற்றியவனைக் கேட்காமல், செத்தவன் வாயை மட்டும் முகர்ந்து பார்ப்பது என்ன நியாயம்?

*

இப்போது சாவுக்கு அப்புறம் வருகிற காகிதத்துக்கு வருகிறேன். வங்கிக் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பதால் இது என் கண்ணில் படுகிறது.

2015இல் இரண்டு காப்பீட்டுத் திட்டங்கள் வந்தன. ஒன்று வருசத்துக்கு 12 ரூபாய், 2022 ஜூனிலிருந்து 20 ரூபாய். விபத்தில் செத்தால் 2 லட்சம். இன்னொன்று 330 ரூபாயில் ஆரம்பித்து 436 ஆனது. எப்படிச் செத்தாலும் 2 லட்சம். ஆனால் 50 வயசுக்குள் சேர்ந்திருக்க வேண்டும், 55இல் முடிந்துவிடும். மூட்டை தூக்குகிறவன் எதில் சேருவான்? இருபது ரூபாயில்தான். அதற்கு 70 வயசு வரைக்கும் இடம் உண்டு. கணக்கில் அவ்வளவுதான் மிச்சமும் இருக்கும்.

அவன் மூட்டையோடு சரிந்து, வாய் கோணி, மூன்றாம் நாள் பெரியாஸ்பத்திரியில் செத்துப்போகிறான். அவன் பொண்டாட்டி பாஸ்புக்கை மஞ்சப்பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு வருகிறாள். 'இருவது ரூபா புடிச்சாங்களே சார்.' திட்டத்தின் விதி விபத்து என்றால் என்ன என்று சொல்கிறது: திடீரென்று, எதிர்பாராமல், விருப்பமில்லாமல் நேர்ந்திருக்க வேண்டும். காரணம் வெளியிலிருந்து வந்ததாக, வன்மையானதாக, கண்ணுக்குத் தெரிவதாக இருக்க வேண்டும். பக்கவாதம் உடம்புக்கு உள்ளே வந்தது. ஆகவே இயற்கைச் சாவு. ஆகவே ஒன்றும் இல்லை. இதைக் கவுண்டருக்குள்ளிருந்து அவளுக்குச் சொல்ல வேண்டியவன் நான்.

வெளியிலிருந்து வந்ததா என்று கேட்கிறது விதி. மூட்டை அவன் வயிற்றுக்குள்ளா முளைத்தது? வன்மையானதா என்று கேட்கிறது. 320க்கு 250 வன்மை இல்லாமல் என்ன? கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேட்கிறது. ஊரே பார்த்துக்கொண்டுதானே இருந்தது, கவிஞர்கள் கழுத்து நரம்பு வரைக்கும் பார்த்தார்களே! சாதி இந்தச் சமூகத்தின் 'உள்ளே' இருப்பதாக எழுதி வைத்துவிட்டு, அதனால் விழுகிற பிணத்தையும் 'உள்ளே' வந்த நோய் என்று எழுதுகிறார்கள். நலவாரியக் காகிதத்திலும் இதே கதை. விபத்துச் சாவுக்கு ஒரு தொகை, இயற்கைச் சாவுக்கு அதில் ஒரு துண்டு. இயற்கை என்கிற ஒரு சொல்லில் எத்தனை பேரின் பாக்கியைத் தள்ளுபடி செய்திருக்கிறார்கள்!

நஷ்டஈட்டுச் சட்டம் 1923இலிருந்து இருக்கிறது. வேலையிலிருந்து எழுந்ததாகவும் வேலையின்போது நேர்ந்ததாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் வாசகம். 2020ஆம் வருச சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே வாசகம்தான். தொழில்சார் நோய்களுக்கு ஒரு அட்டவணை உண்டு. ஈயம், பாதரசம், கல்தூசு எல்லாம் இருந்த 1923 சட்டத்து அட்டவணையில் பக்கவாதம் இல்லை. வேலை நேரத்தில் மாரடைப்பு வந்தது என்பது மட்டும் போதாது, வேலையின் பளுதான் காரணம் என்று காட்டு என்று உச்சநீதிமன்றம் 2006இல் சொன்னது. அதே நீதிமன்றம் 2012 டிசம்பரில், 1152 கிலோமீட்டர் லாரி ஓட்டிப் போய் இறந்த ஓட்டுநரின் வழக்கில், அந்த ஓட்டத்தின் களைப்பையும் நெருக்கடியையும் கணக்கில் எடுத்து நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. ஆக வழி அடைபடவில்லை. எவ்வளவு பளு, எத்தனை மணி நேரம் என்று காட்டத் தெரிந்தவனுக்குத் திறக்கிறது.

ஜப்பானைப் பாருங்கள். அங்கே வேலைப் பளுவால் வருகிற மூளை ரத்தக்கசிவுக்கும் மாரடைப்புக்கும் சேர்த்து 'கரோஷி' என்று ஒரு சொல் உண்டு. செத்தவர்களின் குடும்பங்களும் வக்கீல்களும் போராடித்தான் அந்தச் சாவு அரசு அங்கீகரித்த சாவானது. 2001இல் அளவுகோல் வகுத்தார்கள்: கடைசி மாதம் 100 மணி நேரம் மிகுதி வேலை, அல்லது இரண்டு முதல் ஆறு மாதம் சராசரி 80 மணி. 2014இல் தடுப்புச் சட்டமே வந்தது. அங்கே குமாஸ்தாவின் சாவுக்குப் பேர் கிடைத்தது. இங்கே சுமக்கிறவனின் சாவுக்குப் பேர் வைக்கிற வேலை நம்மைத் தவிர வேறு யாருக்கும் இல்லை.

*

கோஷம் மட்டும் போட்டுவிட்டுப் போகிற கட்டுரை இல்லை இது. மாணவத் தோழர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் சில வேலைகள் உண்டு.

கிளைக்கு ஒரு ரத்த அழுத்தக் கருவி வாங்குங்கள். கொடிக்கம்பம் நடுகிற காசில் வாங்கலாம். ராத்திரி, வேலை முடிந்து ஆட்கள் திரும்பின பிறகு, தெருவில் உட்கார்ந்து அளங்கள். 140க்கு 90ஐத் தாண்டினால் எழுதிக்கொள்ளுங்கள், வேறு ரெண்டு நாள் அளங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். அம்லோடிபின் மாதிரி மாத்திரை அங்கே இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் நம்ம தெருவுக்கு வருகிறதா, வருகிற நேரத்தில் வேலைக்குப் போனவன் வீட்டில் இருக்கிறானா என்று கேளுங்கள். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை என்று மாத்திரையை நிறுத்துகிறவரிடம், இந்த நோய் சொல்லிக்கொண்டு வராது என்று சொல்லுங்கள்.

தம் கட்டாதீர்கள், தூக்கும்போது மூச்சை விடுங்கள், சத்தம் போட்டுத் தூக்குங்கள் என்று சொல்லுங்கள். சொன்னால் மட்டும் போதாது. ஒரு ஆள் 50 கிலோவுக்கு மேல் தூக்கமாட்டான், அதற்கு மேல் போனால் ரெண்டு ஆள், ரெண்டு கூலி என்று சங்கத்தில் தீர்மானம் போடுங்கள். குடிக்கத் தண்ணி, ஒதுங்க இடம் இல்லாத களத்துக்குப் பொம்பளைகளை அனுப்பாதீர்கள். அதைக் கூலியோடு சேர்த்துப் பேசுங்கள்.

வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சு குழறினால், முனியுமில்லை அமாவாசையுமில்லை. புறா ரத்தம் தேய்க்காதீர்கள். வாயில் தண்ணியோ மாத்திரையோ ஊற்றாதீர்கள். எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்துக்கொண்டு 108ஐக் கூப்பிடுங்கள். ஸ்கேன் எடுத்தால்தான் அடைப்பா கசிவா என்று தெரியும். அடைப்பாக இருந்தால் நாலரை மணி நேரத்துக்குள் ஊசி போட்டுக் கரைக்க வழி உண்டு. அந்த நாலரை மணி நேரத்தைப் பூசாரிக்குக் கொடுக்காதீர்கள்.

செத்துப்போனால் அழுதுகொண்டே எழுதுங்கள். அன்றைக்கு எத்தனை மூட்டை, ஒன்று எத்தனை கிலோ, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, வெயில் எப்படி, யார் யார் பார்த்தார்கள், மேஸ்திரி என்ன சொன்னான். காவல்நிலையத்தில் கொடுங்கள். பிரேதப் பரிசோதனை வேண்டும் என்று நில்லுங்கள். 'வேணாம்பா, உடம்பை அறுக்க வேணாம்' என்று ஊர்ப் பெரியவர்களும் முதலாளி ஆட்களும் சேர்ந்து சொல்வார்கள். அவர்கள் கையில் ஒரு பத்தாயிரம் ரூபாய்க் கவரும் இருக்கும். அதை வாங்கிவிட்டால் அந்தச் சாவு அன்றைக்கே இயற்கை ஆகிவிடும்.

வக்கீல் படிக்கிற தோழர்கள் 2012 தீர்ப்பை எடுத்துப் படியுங்கள். மருத்துவம் படிக்கிற தோழர்கள் நோயாளியிடம் 'என்ன வேலை?' என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், 'எத்தனை கிலோ?' என்றும் கேளுங்கள், கேட்டதைச் சீட்டில் எழுதுங்கள். கவிதை எழுதுகிற தோழர்கள் அடுத்த தடவை கழுத்து நரம்பைப் பார்த்தால், பேனாவை எடுக்கும் முன்னால் அந்த மூட்டைக்கு இன்னொரு பக்கம் போய்க் கையைக் கொடுங்கள்.